"ஏன்"னு கேக்காதீங்க, காயிதத்தைக் கேளுங்க: மொத ஆர்டிஐ மனுவுல இருந்து லோக் ஆயுக்தா வரைக்கும்

எங்கூர் மாரியம்மன் கோயில்ல இருந்து கெழக்கால போற வீதிக்கு கான்கிரீட் போட்டாங்க. போட்டு ஒரு ஐப்பசி மழை தாண்டல, ஓரம் பூரா பேந்து ஜல்லி வெளிய வந்துருச்சு. டீக்கடைல ஒரு மாசம் இதே பேச்சு, ஆளாளுக்கு எவ்வளவு அடிச்சிருப்பாங்கன்னு கணக்குப் போட்டாங்க, எங்க பெரியப்பா மட்டும் "பேசிப் பேசி என்ன ஆகப்போகுது, ஆர்டிஐ போடு அப்புனு"ன்னாரு. நான் தறி ஓட்டறவன், எனக்கு பாவு தெரியும் ஊடு தெரியும், ஆர்டிஐன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம்ங்கறது கூடத் தெரியாது. இருந்தாலும் ஒரு ராத்திரி உக்காந்து ரெண்டு பக்கம் எழுதிட்டேன்.

அந்த மனுவோட ஜெராக்ஸ் இன்னும் வச்சிருக்கேன், எடுத்துப் படிச்சா எனக்கே சிரிப்பு வருது. "இந்த ரோடு ஏன் இவ்வளவு கேவலமாகப் போடப்பட்டது? இதற்கு யார் பொறுப்பு? கமிஷன் எவ்வளவு?" இப்படி மொத்தம் பதினோரு கேள்வி. 28வது நாள் பதில் வந்துச்சு, ஒரே வரி: தாங்கள் கோரியுள்ளவை பிரிவு 2(எஃப்)-ன்படி தகவல் என்ற வரையறைக்குள் வராது. படிச்சதும் சுர்ருன்னு ஏறுச்சுங்க. ஆனா சட்டத்தை எடுத்துப் பாத்தா அவங்க சொன்னது சரிதான்! ஆபீஸ்ல காயிதமாவோ கம்ப்யூட்டர்லயோ ஏற்கனவே இருக்கறதைத்தான் குடுக்கணும், நமக்காக புதுசா காரணம் யோசிச்சு விளக்கம் எழுதித் தரவேண்டிய கட்டாயம் அவங்களுக்கு இல்லை. 2011ல சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொல்லிருச்சு.

அதனால புதுசா ஆரம்பிக்கறவங்க மொதல்ல இந்த ஒண்ணைப் புடிச்சுக்கங்க. கோவத்தை மனுவுல எழுதாதீங்க. அந்தக் கோவத்துக்குக் காரணமான வேலை எந்தெந்த காயிதத்தைத் தாண்டி வந்திருக்கும்னு யோசிச்சு, அந்தக் காயிதத்தோட பேரை எழுதுங்க.

காயிதத்துக்குப் பேரு இருக்கு

ரோடு, சாக்கடை, தண்ணி டேங்க், சமுதாயக் கூடம் எதுவா இருந்தாலும் சரி, அரசாங்க வேலைன்னா வரிசையா இதெல்லாம் இருக்கும்: எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, டெண்டர் விளம்பரம், ஒர்க் ஆர்டர், எம்-புக், பில், தரப் பரிசோதனை ரிப்போர்ட். இதுல எம்-புக்தான் உயிர். அளவுப் புத்தகம். இஞ்சினியர் சைட்டுக்கு வந்து நீளம் அகலம் கனம் அளந்து கைப்பட எழுதி கையெழுத்துப் போடற நோட்டு, அதை வச்சுத்தான் பில்லு பாஸ் ஆகும். நெஜத்துல வந்து அளந்தாரா இல்ல ஆபீஸ்லயே உக்காந்து எழுதுனாரான்னு அந்த ஒரு நோட்டுல தெரிஞ்சுபோகும்.

ரெண்டாவது தடவை நான் எழுதுனது ஆறே வரி. அப்படியே தர்றேன், ஊர் பேரை மாத்திப் போட்டுக்கலாம்:

"பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் தகவல் கோருதல். ........ வீதியில் ........ ஆண்டு போடப்பட்ட கான்கிரீட் சாலை தொடர்பாக: (1) மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், இறுதிப் பட்டியல் (பில்) ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். (2) மேற்படி கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும் தெரிவிக்க வேண்டும். (3) தரப் பரிசோதனை அறிக்கையின் சான்றிட்ட நகல் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் ரூ.10 கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டப்பட்டுள்ளது."

முடிஞ்சுது. கீழ பேரு, அட்ரஸ், தேதி, கையெழுத்து. எதுக்குக் கேக்கறேன்னு சொல்ல வேண்டியதில்லை, 6(2) அதைத் தெளிவா சொல்லுது. செக்ஷன்ல யாராச்சும் "எதுக்குங்க இதெல்லாம் உங்களுக்கு"ன்னு கேட்டா சிரிச்சுட்டு வந்துருங்க. வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு அந்தப் பத்து ரூவாயும் கெடையாது, சான்றிதழ் ஜெராக்ஸ் வச்சா போதும்.

கோர்ட் ஃபீ ஸ்டாம்பு கோர்ட்டுப் பக்கத்துல வெண்டர்கிட்ட கெடைக்கும். போறப்ப ஒண்ணா அஞ்சாறு வாங்கி வச்சுக்கங்க, ஒரு ஸ்டாம்புக்காக பஸ் ஏறினா அதுக்கு மேல செலவாயிரும். இப்ப அரசோட ஆர்டிஐ ஆன்லைன் தளமும் இருக்கு. ஆனா எனக்கு தபால்தான் தோது, ரசீது கைல இருக்குமில்ல. எந்த ஆபீஸ்ங்கறது கொழப்பமா இருந்தா நெருக்கமா தோணற ஆபீஸுக்கு, "பொதுத் தகவல் அலுவலர்"னு போட்டு அனுப்பிருங்க. அவங்களுது இல்லைன்னா 5 நாளுக்குள்ள சரியான ஆபீஸுக்கு அவங்களே மாத்தி அனுப்பணும், 6(3). "இது எங்க ஆபீஸ் இல்லை, அங்க போங்க"ன்னு மனுவைத் திருப்பித் தர்றது சட்டத்துல இல்லாத வேலை.

நேர்ல போயி பாக்கறது

இதை நெறைய பேரு விட்டுடறாங்க, ஆனா எனக்கு வேலை செஞ்சது இதுதான். கோப்பை நேர்ல பாக்க நமக்கு உரிமை இருக்கு, மொத ஒரு மணி நேரத்துக்கு காசு கெடையாது. பாத்துட்டு வேணுங்கற பக்கத்தை மட்டும் குறிச்சுக் குடுத்தா ஒரு பக்கத்துக்கு 2 ரூவா. இல்லாட்டி தேவையில்லாத காயிதம் நானூறு பக்கம் தலைல கட்டி 800 ரூவா கட்டச் சொல்லுவாங்க, இது பழைய ட்ரிக்கு.

நானும் என்ற மச்சானும் போனோம். ஒரு பெஞ்சைக் காட்டி உக்காரச் சொன்னாங்க, சித்த நேரம் கழிச்சு ஒரு உதவியாளர் கோப்பைக் கொண்டுவந்து வச்சுட்டு எதுத்தாப்ல உக்காந்துக்கிட்டாரு, அதுவும் நாயம்தான், பக்கம் கிழிஞ்சா அவரு தலைலதான் விடியும். எம்-புக்குல நீளம் 180 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர். ராத்திரி ஊட்டுக்கு வந்து டேப்பு எடுத்துட்டுப் போயி கோயில் வாசப்படில இருந்து கடைசி ஊடு வரைக்கும் அளந்தோம், 162 தான் வந்துச்சு. பேந்த ஓரத்துல ஸ்கேலை வச்சுப் பாத்தா கனம் பத்தைத் தாண்டல. மச்சான் போன்ல ஃபோட்டோ எடுத்தான், டேப்பு நம்பர் தெரியற மாதிரி, பக்கத்துல அன்னைக்குப் பேப்பரையும் வச்சு. பாக்கறதுக்கு போலீஸ் வேலை மாதிரி இருந்துச்சு, ஆனா ஒரு மாசமா டீக்கடைல ஆளுக்கொரு தொகை சொன்னதுக்கு பதிலா இப்ப கைல 18 மீட்டர்னு ஒரு நம்பர் வந்துருச்சு.

போட்ட கான்கிரீட்ல ஒரு துண்டு சாம்பிள் எடுக்கக் கூட 2(ஜே) உரிமை தருதுங்க. சான்றிட்ட மாதிரின்னு கேட்டு எழுதணும், நம்மளா கடப்பாறைய எடுத்துட்டுப் போயி ஒடைக்கக் கூடாது.

நாள் கணக்கு

ஊட்டு காலண்டர்ல குறிச்சு வச்சுக்கங்க, இங்கதான் பாதி பேரு தோத்துப் போறாங்க. மனு போயி சேந்த நாள்ல இருந்து 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம். பதில் வரல, இல்ல வந்தது அரைகுறைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள அதே ஆபீஸ்ல மேல இருக்கற மேல்முறையீட்டு அலுவலருக்கு மொதல் அப்பீல். அவருக்கு 30 நாள், இழுத்தா 45. அதுவும் சரியில்லைன்னா 90 நாளுக்குள்ள சென்னைல இருக்கற மாநிலத் தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது அப்பீல். கெடு தாண்டிக் குடுத்தா நகலுக்கு காசு வாங்கக் கூடாது, 7(6). வேணும்னே இழுத்தடிச்ச அலுவலருக்கு நாளுக்கு 250 ரூவா, அதிகபட்சம் 25,000 ரூவா அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதை எத்தனை தடவை போடறாங்கங்கறது வேற கதை. ரெண்டாவது அப்பீல் விசாரணைக்கு வர்றதுக்குள்ள நம்ம தறிக்கு நாலு தடவை பாவு மாத்திரலாம், பொறுமை வேணும்.

பதில்ல "8(1)(ஜே), தனிநபர் தகவல்"னு போட்டு மறுக்கறது இப்ப ரொம்ப ஜாஸ்தி. அதிகாரியோட சொத்துக் கணக்கு கேட்டா 2012ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைக் காட்டி மறுப்பாங்க. முந்தி அதே பிரிவுக்குள்ள "பொது நலன் பெருசுன்னா குடுக்கலாம்"னு ஒரு வழி இருந்துச்சு, 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவையே சுருக்கிருச்சு. ஆனா 8(2) அப்படியேதான் இருக்கு: மறைக்கறதால வர்ற நன்மைய விட வெளியிடறதால வர்ற பொது நலன் பெருசுன்னா குடுக்கலாம். அப்பீல்ல அந்த நம்பரைப் போட்டு, என்ன பொது நலன்னு ரெண்டு வரி எழுதுங்க. நான் முன்ன சொன்ன எம்-புக், பில்லு எல்லாம் யாரோட சொந்த விசயமும் இல்லை, அதுக்கு இந்தப் பிரிவைக் காட்டினா விடாதீங்க.

நமக்குத் தேவையானதுல பாதி கேக்காமலே வெளியிட வேண்டியதுங்க. 4(1)(பி)ல 17 தலைப்பு இருக்கு, அதிகாரிங்க பேரு, சம்பளம், பட்ஜெட், மானியம் வாங்குனவங்க லிஸ்ட்டு வரைக்கும். மனு போடறதுக்கு மின்ன அந்தத் துறை இணையதளத்தை ஒரு பார்வை பாத்துருங்க. அத்திக்கடவு-அவிநாசி திட்டத்துல எங்கூர் குட்டை இருக்கா இல்லையான்னு ரெண்டு வருசம் வாய்ச்சண்டை நடந்துச்சு. 2024 ஆகஸ்ட்ல தொறந்தப்ப 1,045 குளம் குட்டைன்னு சொன்னாங்க, அப்ப 1,045 குட்டைப் பேரும் வரிசையா ஒரு லிஸ்ட்டா இருந்துதானே ஆகணும்? நீர்வளத் துறைக்கு எழுதி லிஸ்ட்டையும், நம்ம குட்டைக்கு தண்ணி வுட்ட தேதிப் பதிவையும் கேளுங்க. திருப்பூர்ப் பக்கம் சாய ஆலைத் தண்ணின்னா மாசு கட்டுப்பாட்டு வாரியம். அங்க கேக்க வேண்டியது இசைவாணை (ஆலை ஓட்ட வாரியம் தர்ற அனுமதி) நகல், ஆய்வு அறிக்கை, தண்ணி சாம்பிள் ரிசல்ட்டு.

காயிதம் கைக்கு வந்தாச்சு, எந்தக் கதவைத் தட்டறது?

ஆர்டிஐ தகவலைத்தான் தரும், நடவடிக்கை எடுக்காது. இதை ஒண்ணுன்னு நெனச்சு தகவல் ஆணையத்துக்குப் போயி "அவரை சஸ்பெண்ட் பண்ணுங்க"ன்னு நிக்கறவங்களை நானே பாத்திருக்கேன்.

வேலையே நடக்கல, மனு கெடப்புல இருக்கு, அவ்வளவுதான்னா திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள், இல்ல முதல்வரின் முகவரி, 1100. இதெல்லாம் அரசாங்கம் தன்னைத்தானே கேட்டுக்கற வழி. தெருவிளக்கு எரியலைங்கறதுக்கு இது போதும், ஊழல் புகாருக்குப் போதாது. ஏன்னா நீங்க குடுத்த மனு சுத்திச் சுத்தி நீங்க யாரு மேல சொன்னீங்களோ அவரு டேபிளுக்கே "தக்க நடவடிக்கைக்காக"ன்னு வந்து சேரும்.

லஞ்சம் கேக்கறாங்க, இன்னும் குடுக்கலைன்னா லஞ்ச ஒழிப்புத் துறை, நம்ம ஆளுங்க விஜிலன்ஸ்ம்பாங்க. 1964ல இருந்து இருக்கு. எல்லா ஆபீஸ்லயும் சொவத்துல போர்டு இருக்கும், அதுலயே அவங்க போன் நம்பர் இருக்கும், அந்த போர்டுக்குக் கீழயே உக்காந்து கேக்கற ஆளும் இருப்பாரு. புகார் குடுத்தா ரெண்டு அரசு ஊழியர் சாட்சியா வருவாங்க, நோட்டு நம்பரை எழுதி, பினாப்தலின் பவுடரைத் தடவி உங்ககிட்டத் தருவாங்க. வாங்குனவரு கைய சோடா கரைசல்ல நனைச்சா ரோஸ் கலராகும். முக்கியமா ஒண்ணு, கேட்டாத்தான் குடுக்கணும். நீங்களா நீட்டி வாங்க வச்சா கேஸ் நிக்காது. ஊழல் தடுப்புச் சட்டத்துல 2018ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் குடுக்கறவரும் குற்றவாளி, கட்டாயத்துல குடுத்துட்டோம்னா 7 நாளுக்குள்ள சொல்லிரணும். நாம காலம் கடத்திட்டு ஆறு மாசம் கழிச்சு கோவத்துல போயி சொன்னா நம்ம கழுத்துக்கே வரும்.

உள்ளாட்சி சம்பந்தப்பட்டதுன்னா, எங்க ரோடு ஊராட்சி ஒன்றிய நிதி, உள்ளாட்சில நடக்கற முறைகேட்டை விசாரிக்க 2014 சட்டப்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவம்னு தனியா ஒண்ணு இருக்கு. பேரைக் கேட்டா பாதி பேருக்குத் தெரியல, எனக்கும் தெரியாது. நான் நேரா லோக் ஆயுக்தாவுக்குப் போகலாம்னுதான் இருந்தேன், கோபில இருக்கற ஒரு வக்கீல் அண்ணன்தான் "தம்பி அது அந்தக் கதவு இல்ல"ன்னு தடுத்தாரு.

மந்திரி, எம்எல்ஏ, அரசு அதிகாரி மேல ஊழல் புகார்னா தமிழ்நாடு லோக் ஆயுக்தா. மத்திய சட்டம் 2014 ஜனவரில அமலுக்கு வந்தப்பவே ஒவ்வொரு மாநிலமும் ஒரு வருசத்துக்குள்ள அமைக்கணும்னு சொல்லிருச்சு, நம்மூர்ல சுப்ரீம் கோர்ட் வெரட்டின பொறவு 2018 ஜூலைலதான் சட்டமே வந்துச்சு. முதலமைச்சரும் இதுக்குள்ள வர்றாரு, அது நல்ல விசயம். ஆனா பணி நியமனம், ஒப்பந்தம் மாதிரி சில விவகாரங்களை சட்டமே வெளிய நிறுத்திருச்சு, பில்லு வந்த அன்னைக்கே எதிர்க்கட்சி இதைச் சொல்லி சண்டை போட்டுச்சு. புகாரை மொட்டைக் கடுதாசியா போட முடியாது, அதுக்குன்னு இருக்கற படிவத்துல உறுதிமொழிப் பத்திரத்தோட குடுக்கணும். பொய்ப் புகார்னு தெரிஞ்சா ஜெயில், அபராதம் ரெண்டும் உண்டு. அதனாலதான் சொல்றேன், டீக்கடைல கேட்டதை வச்சுப் போகாதீங்க, சான்றிட்ட நகலை வச்சுப் போங்க.

எம்எல்ஏ, வேட்பாளர் சொத்துக் கணக்குக்கு ஆர்டிஐயே வேண்டாம், அபிடவிட் தேர்தல் ஆணையத் தளத்துலயே இருக்கு. ரெண்டு தேர்தல் அபிடவிட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே பல கதை தெரியும்.

அந்தக் காவல்காரரை யாரு வச்சாங்க?

கதவைத் தட்டறதுக்கு மின்ன நான் இப்ப கேக்கற கேள்வி இது. விஜிலன்ஸ் அரசாங்கத்துக்குக் கீழ இருக்கற துறை. கீழ்மட்ட ஆளுங்களைப் புடிக்கறதுல கில்லாடிங்க, ஆனா பெரிய அதிகாரி எடுத்த ஒரு முடிவை விசாரிக்கணும்னா ஊழல் தடுப்புச் சட்டம் 17ஏ-ன்படி அரசாங்கத்துக்கிட்டயே மொதல்ல அனுமதி வாங்கணும். 2008ல நம்ம அரசாங்கம் விஜிலன்ஸையே ஆர்டிஐல இருந்து வெளிய எடுத்துருச்சு, ஊழல் குற்றச்சாட்டு சம்பந்தப்பட்ட தகவலை மட்டும் 24(4)-ன்படி இன்னும் கேக்கலாம். லோக் ஆயுக்தா தேர்வுக் குழுல முதலமைச்சர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர், கணக்கு ரெண்டுக்கு ஒண்ணு. தகவல் ஆணையர்களுக்கு முதலமைச்சர், ஒரு மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர், அங்கயும் அதே ரெண்டுக்கு ஒண்ணு. 2019ல அவங்க பதவிக் காலம், சம்பளம் முடிவு பண்றதை மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்குச்சு.

சத்தியமங்கலத்துல இருந்து திம்பம் ஏறி அக்கட்டால எறங்குனா கர்நாடகா. அங்க லோக் ஆயுக்தாவுக்குன்னு தனி போலீஸே இருந்துச்சு, 2011ல சுரங்க ஊழல் ரிப்போர்ட்டை அங்க லோக் ஆயுக்தாவா இருந்த சந்தோஷ் ஹெக்டே குடுத்ததும் முதலமைச்சரா இருந்த எடியூரப்பா ராஜினாமா பண்ணவேண்டியதாப் போச்சு. அப்புறம் என்னாச்சு தெரியுமா, 2016ல வேற கட்சி ஆட்சில அந்த போலீஸ் அதிகாரத்தைப் புடுங்கி அரசாங்கத்துக்குக் கீழ புதுசா ஒரு ஊழல் தடுப்பு பீரோ அமைச்சாங்க. 2022ல ஹைகோர்ட்தான் அதை ரத்து பண்ணி பழையபடி திருப்பிக் குடுத்துச்சு. எந்தக் கட்சியா இருந்தாலும் பல்லு இருக்கற நாயை வாசல்ல கட்ட ஆசைப்படறதில்லைங்க.

சில்லறை விசயங்க

தனியாளா போடாதீங்க, ஒரே விசயத்துக்கு மூணு பேரு மூணு மனு போடுங்க, ஒருத்தர் மேல மட்டும் கண்ணு விழாது. மனு போட்டதை வாட்ஸ்அப் குரூப்ல பீத்திக்காதீங்க. யாராச்சும் வந்து "பேசி முடிச்சுக்கலாம்"னா ஊட்டுத் திண்ணைல நாலு பேரு முன்னால மட்டும் பேசுங்க. ஆர்டிஐ போட்டு மெரட்டி காசு புடுங்கற கூட்டம் ஒண்ணு ஒவ்வொரு ஊர்லயும் இருக்கு, அவங்களாலதான் நெசமா கேக்கறவங்களையும் ஆபீஸ்ல ஒரு மாதிரி பாக்கறாங்க, அவங்க கூட ஒரு டீ கூட குடிக்காதீங்க. கிராம சபை இப்ப வருசத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கைல நகலை வச்சுக்கிட்டு எந்திரிச்சு, நீங்க சொன்னதை தீர்மானப் புத்தகத்துல எழுதற வரைக்கும் நின்னுட்டிருங்க, எழுதாம கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போற பழக்கம் நெறைய ஊர்ல இருக்கு.

எங்க ரோடு என்னாச்சுன்னு கேப்பீங்க. எம்-புக் நகல் வாங்கின மூணாம் வாரம் ரெண்டு ஆளு வந்து பேந்த ஓரத்தை மட்டும் சிமெண்டு வச்சுப் பூசிட்டுப் போனாங்க, யாரு அனுப்புனாங்கன்னு கேட்டா "தெரியலீங்க"ன்னாங்க. 18 மீட்டர் கணக்கு நடுவத்துல மனுவா இருக்கு, நம்பர் போட்டு ஒரு காயிதம் வந்திருக்கு, அவ்வளவுதான். நேத்து சாயங்காலம் பெரியப்பா வந்து, அவரு பட்டா மாறுதல் மனு ஒண்ணே கால் வருசமா தாலுகா ஆபீஸ்ல கெடக்குதாம், "ஏன் லேட்டுன்னு எழுதித் தா அப்புனு"ன்னாரு. "ஏன்னு எழுத வேண்டாம் பெரியப்பா, மனு எந்தத் தேதி யாரு டேபிள்ல இருந்துச்சுன்னு தன்பதிவேட்டு நகல், அதான் ஒவ்வொரு எழுத்தரும் தன்கிட்ட வந்த மனுவைப் பதியற நோட்டு, அதைக் கேப்போம்"னேன். நாளைக்கு அவிநாசி போறப்ப ஸ்டாம்பு வாங்கியாறணும்.